மூன்று முறை கேட்டாகிவிட்டது

இணையத்துக்கு முதலாளி யார் என்று கேட்டால் யாரும் இல்லை என்பதுதான் பதில். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. முதலாளியே இல்லாத கடையில் ஒரு பல்பு மாற்ற வேண்டுமென்றால் என்ன பாடு என்று யோசித்தால்தான் கஷ்டம் புரியும். அரசாங்கத்துக்காரர்கள், கம்பெனிக்காரர்கள், எஞ்சினியர்கள், நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள் எல்லாரும் சரிசமமாக உட்கார்ந்து, எல்லாரும் ஒத்துக்கொள்கிற வரைக்கும் பேசி, அப்புறம்தான் பல்பு. ஓட்டுப் போடுவது கிடையாது. தலைவர் மூன்று முறை கேட்பார், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று. மூன்று முறையும் யாரும் வாய் திறக்கவில்லையென்றால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். ஒரே ஒருவர் திறந்துவிட்டாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

இப்படி ஒரு குழுவில்தான் அவள் மூன்று வருடத்துக்கும் மேலாக மாட்டிக்கொண்டு கிடந்தாள். பிழைப்புக்கு அவள் பார்ப்பது வேறு வேலை. கண்ணாடிக் கடையில் வருகிறவர்களை உட்கார வைத்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்கிற வேலை. உலகத்து இணையத்துக்கு விதி எழுத அவளை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. அண்ணனுக்காகப் போனாள்.

அண்ணன் பஸ் டெப்போவில் மெக்கானிக். ஓய்வு நேரத்தில் இணையத்தில் ஒரு தளம் நடத்தினார். ரத்தம் தேவைப்படுகிறவர்கள் அதன் பெயரைத் தட்டினால், அந்த வகை ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள் பக்கத்தில் யார் யார் என்று வரும். பணம் காசு எதுவும் கிடையாது. ஊரில் எல்லா ஆஸ்பத்திரிச் சுவரிலும் அந்தப் பெயர் பெயிண்டில் எழுதியிருந்தது. ஒருநாள் டெப்போவில் பஸ்ஸுக்கு அடியில் வேலை பார்க்கிற குழிக்குள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு அண்ணனே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். வருடாவருடம் பணம் கட்டிப் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் எப்போதோ திறப்பதை விட்டுவிட்ட பழைய மின்னஞ்சலுக்குப் போய்க் கொட்டிக் கிடந்தன. அவர் எழுந்து நடப்பதற்குள் பெயர் காலாவதியாகி, அப்படிப் போகிற பெயர்களுக்காகவே காத்திருக்கிற ஏதோ ஒரு கம்ப்யூட்டர் அதை லபக்கென்று வாங்கி, எவனோ சூதாட்டத் தளம் நடத்துகிறவனுக்கு விற்றுவிட்டது. ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்று சுவரைப் பார்த்துப் பெயரைத் தட்டுகிறவனுக்கு இப்போது சீட்டுக்கட்டு ராணி கண்ணடிக்கிறாள்.

அண்ணன் வேறு பெயரில் தளத்தைத் திறந்து பார்த்தார். அந்தப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. சுவரில் இருக்கிற பழைய பெயரை அழித்துவிடவா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"எப்படியும் வாங்கிடுவேன் பாப்பா. அதுவரைக்கும் இருக்கட்டும்" என்றார் தங்கையிடம். அவளுக்கு நாற்பது தாண்டியும் அவருக்கு அவள் பாப்பாதான்.

அவள் எழுதாத இடம் இல்லை. பெயரைப் பதிவு செய்து கொடுக்கிற கம்பெனி, விதிப்படிதான் செய்தோம் என்றது. விதி போடுகிற இடம், அதைக் கம்பெனியிடம் கேளுங்கள் என்றது. அரசாங்கம், இது எங்கள் கையில் இல்லை என்றது. பந்து விளையாடுகிற மாதிரி ஆளுக்கு ஒரு உதை. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், "அந்த விதியையே மாத்தறதுக்கு ஒரு குழு ஆரம்பிக்கறாங்க. யார் வேணாலும் சேரலாம். ஜனங்க பக்கத்துக்கும் ஒரு இடம் இருக்கு, உக்கார ஆள் இல்ல" என்றார். போய் உட்கார்ந்தாள்.

கூட்டமெல்லாம் கம்ப்யூட்டர் திரை வழியாகத்தான். முதல் கூட்டத்திலேயே ஒரு சடங்கு. இந்த விஷயத்தில் உங்களுக்குச் சொந்த லாப நஷ்டம் ஏதாவது உண்டா என்று எல்லாரும் சொல்ல வேண்டும். "என் அண்ணன் ரத்தம் கிடைக்கறதுக்காக நடத்தின தளத்தோட பேரு போயிடுச்சு. அதைத் திரும்ப வாங்கத்தான் வந்திருக்கேன்" என்று பட்டென்று சொன்னாள். குழுத் தலைவி ஒரு வக்கீல் அம்மா. "குறிச்சுக்கிட்டோம்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டமும் அதே கேள்வியோடுதான் ஆரம்பிக்கும். சொன்னதில் ஏதாவது மாற்றம் உண்டா? யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அடுத்ததற்குப் போவார்கள்.

போனார்களா என்றால் அதுவும் இல்லை. பொதுச் சேவை என்றால் என்ன என்று முடிவு செய்யவே ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயின. அரசாங்கத்துப் பக்கத்து ஆள் ஒருவர் எதைக் கேட்டாலும் "எங்க ஊர்ல கேட்டுச் சொல்றேன்" என்பார். அடுத்த மாதம் வந்து, கேட்டேன், இன்னும் சொல்லவில்லை என்பார். எல்லா நாட்டுக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று கூட்ட நேரத்தை வேறு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சமம் என்றால், எல்லாருக்கும் ஒரே அளவு கஷ்டம்.

அவளுக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் கிடைத்ததுதான் மிச்சம். மைக் அம்மா. எவ்வளவு படித்தவர்கள், எத்தனை பெரிய பதவி, ஆனால் மைக்கைத் திறந்துவிட்டுப் பேச வேண்டும் என்பது மட்டும் ஒருவர் புத்தியிலும் தங்காது. யாராவது வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தால், மற்றவர்கள் கேமராவை மூடிவிட்டு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள்தான் சொல்வாள், "ஐயா, மைக்." கடையின் பின்னறையில் உட்கார்ந்துதான் அவள் கூட்டத்துக்குப் போவாள். பக்கத்தில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு கிரீச்சென்று ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அவள் மைக் எப்போதும் மூடியே இருக்கும். பேச வேண்டியபோது திறப்பாள், பேசியதும் மூடுவாள். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்ப்பது அவளுக்குக் கைப்பழக்கம்.

அவளுடைய தலைவலிக்கு ஒரு உருவம் உண்டென்றால் அது ஆனால்காரர்தான். பெயர் பதிவு செய்கிற கம்பெனிகளின் சார்பில் வருகிறவர். நரைத்த தலை, கழுத்தில் டை, பின்னால் ஒரு அலமாரி நிறையக் கோப்புகள். முகத்தை மறைத்துக்கொண்டு பேசுவது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி, அதனால் அவர் கேமரா மட்டும் எப்போதும் திறந்திருக்கும். எதைச் சொன்னாலும் கவனமாகக் கேட்பார், தலையை ஆட்டுவார். "கொள்கையளவுல எனக்குச் சம்மதம்தான்" என்பார். பிறகு ஒரு மூச்சு விட்டு, "ஆனால்" என்பார். அந்த ஒரு சொல்லில் மூன்று மாதம் போய்விடும். எத்தனை ஆனால் என்று அவளுக்குக் கணக்கே விட்டுப்போயிற்று. தூக்கத்தில்கூட அந்த ஆனால் கேட்டது. கையில் கிடைத்தால் அந்த டையைப் பிடித்து இழுத்துக் கேட்க வேண்டும்போல இருக்கும், உனக்கு நான் என்னய்யா பாவம் செய்தேன் என்று.

ஒருவழியாகப் புது விதியில் ஒரே ஒரு பிரிவு மிச்சம் என்று ஆனது. காலாவதியாகும் பெயரை விற்பதற்கு முன்னால் போன் போட்டுச் சொல்ல வேண்டும், சில மாதம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. மிச்சம் இருந்தது அவள் பிரிவு. ஏற்கெனவே பறிபோன பெயர்கள் பொதுச் சேவைக்கு இருந்தவை என்றால், இரண்டு வருடத்துக்குள் போனவற்றைத் திருப்பிக் கேட்கலாம். குழு தொடங்கிய புதிதில் அவளே போராடிச் சேர்த்தது. அந்த வரிகளை எத்தனை தடவை படித்தாளோ, இப்போதெல்லாம் கண் அதன்மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

அன்றைக்குக் கூட்டம் மதியச் சாப்பாட்டு நேரத்தில். தலைவி எங்கோ காரில் போய்க்கொண்டே போனில் பேசினார். அவருக்கு யார் முகமும் தெரியாது, குரல் மட்டும்தான். மற்றவர்கள் வழக்கம்போல இருட்டுக் கட்டங்கள். வெளிச்சமாக இருந்தது ஆனால்காரர் கட்டம் ஒன்றுதான்.

"கடைசிப் பிரிவு. போதுமான அளவு பேசியாச்சுன்னு நினைக்கறேன்" என்றார் தலைவி. அலுத்துப்போன குரல். "ஆட்சேபம் உண்டா? முதல் முறை கேட்கறேன்."

இயந்திரம் கிரீச்சிட்டது. அவள் காதில் மாட்டியிருந்ததை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆனால்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு விட்டார். வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை. அவர் கட்டத்தின் மூலையில் மைக் படத்தின்மேல் சிவப்புக் கோடு.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு விரலை உயர்த்தி எதையோ விளக்கினார். பிரிவு அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு வரியைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"இரண்டாவது முறை" என்றார் தலைவி.

அவள் விரல் தன்னாலேயே மைக் பட்டன்மேல் போய் நின்றது. ஐயா, மைக். இரண்டே சொல். மூன்று வருடமாகக் கண்டவனுக்கெல்லாம் சொன்ன சொல். சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். மறுபடி முதலிலிருந்து. மறுபடி எங்கள் ஊரில் கேட்டுச் சொல்கிறேன். அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தபடி நின்றது ஞாபகம் வந்தது. சீட்டுக்கட்டு ராணி ஞாபகம் வந்தாள். பேசு, நன்றாகப் பேசு, இன்றைக்கு மட்டும் உன் ஆனால் உன்னோடேயே இருக்கட்டும் என்று நினைத்தாள். விரலை எடுத்துவிட்டாள்.

"மூன்றாவது முறை. ஆட்சேபம் இல்லை. ஒருமனதா ஏத்துக்கிட்டோம். எல்லாருக்கும் நன்றி. நான் கார் நிறுத்துற இடத்துக்குள்ள போறேன், லைன் கட்டாயிடும்" என்றார் தலைவி. கட்டாகியும் விட்டது.

ஆனால்காரர் பேச்சை நிறுத்தித் திரையை உற்றுப் பார்த்தார். மைக்கை அப்போதுதான் கவனித்தார். கண்ணாடியைக் கழற்றி டையில் துடைத்துக்கொண்டார். கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

அவள் உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, முடிஞ்சிடுச்சு. ஒத்துக்கிட்டாங்க."

"நெசமாவா? அந்த ஆனால் ஆளுமா?"

"அவரும்தான்."

அந்தப் பக்கம் அண்ணியைக் கூப்பிட்டுச் சொல்லுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சுவத்துல இருக்கறதை அழிக்க வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்த வங்கியில் இருக்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தாராம். அண்ணிதான் போனில் சொன்னாள், மனுஷன் இடுப்பு வலியையே மறந்துவிட்டார் என்று.

மறுநாள் கடையில் ஒரு பெரியவருக்கு லென்ஸ் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆனால்காரர். தனியாக அவளிடம் பேசியதே இல்லை. பெரியவரை உட்கார வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

"தொந்தரவு பண்றேனாம்மா? ஒரு நிமிஷம் போதும். நேத்து நான் ஒண்ணு சொல்லிட்டிருந்தேன், மைக் மூடியிருந்துச்சு. என் தப்புதான்."

"அப்படியா" என்றாள்.

"அந்தப் பிரிவுல ரெண்டு வருஷம்னு இருக்கு இல்லையா, அது எந்த நாள்லேருந்து கணக்குன்னு பாத்தீங்களா? விதி அமலுக்கு வர்ற நாள்லேருந்து பின்னாடி ரெண்டு வருஷம். நாம அதை எழுதினப்போ ஆறு மாசத்துல முடிச்சிடுவோம்னு நினைச்சோம். நாம பேசினதுல மூணு வருஷம் ஓடிப்போச்சு. உங்க அண்ணன் பேரு போனது அதுக்கும் முந்தி."

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"முந்தாநாள் ராத்திரி கடைசியா ஒரு தடவை படிச்சப்போதான் எனக்கே தெரிஞ்சுது. முதல் கூட்டத்துல நீங்க சொன்னீங்களே, அண்ணன், ரத்தம்னு. அந்தம்மா யாருக்காக இவ்வளவு கத்தினாங்களோ அவருக்கே இது உதவாதேன்னு இருந்துச்சு. குழு ஆரம்பிச்ச நாள்லேருந்து எண்ணணும்னு மாத்தினா உங்க அண்ணன் உள்ள வந்துடுவாரு. எங்க கம்பெனிகள்கிட்டயும் நேத்துக் காலைலயே பேசிச் சரின்னு வாங்கிட்டேன். அதைத்தான் சொல்லிட்டிருந்தேன்."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று வருடம் ஆனால் ஆனால் என்று உயிரை எடுத்த மனுஷன், உருப்படியாக ஒரு ஆனால் சொல்ல வேண்டிய அன்றைக்குத்தானா மைக்கை மூடிவைக்க வேண்டும்? இவள்தான் ஆகட்டும், வாய் திறக்காமல் இருக்க வேறு நாளே கிடைக்கவில்லையா?

"இப்ப சொன்னா மாத்த மாட்டாங்களா?"

"நானோ நீங்களோ இப்ப ஆட்சேபம் சொன்னா செல்லாதும்மா. மூணு முறை கேட்டாச்சு. அப்பவே ஒருத்தர் ஆட்சேபம் சொன்னாரு, நம்ம காதுல விழாம போச்சுன்னு வேற ஒருத்தர் சாட்சி சொன்னா மட்டும் திறக்கலாம். அதுவும் அடுத்த கூட்டத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி. நானே எனக்குச் சாட்சி சொல்ல முடியாது. மத்தவங்க யாரு கேமராவைப் பாக்கறாங்க? கூட்டத்தோட பதிவுலயும் குரல் மட்டும்தான். இல்லன்னா புதுசா ஒரு குழுதான்."

அவர் பெருமூச்சு விட்டார். "அதை முடிக்கறதுக்கு நான் இருப்பனோ என்னவோ. உங்ககிட்ட சொல்லாம இருக்க மனசு வரல, அவ்வளவுதான். வெக்கறேம்மா."

நான் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. போன் கட்டாகிவிட்டது.

சாயங்காலம் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் கால் நீட்டி உட்கார்ந்து, பழைய தளத்தின் பக்கங்களைத் தூசி தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பெயர் வந்ததும் போட வேண்டுமே. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆனால்காரர் வாய் அசைந்ததைப் பார்த்தது, விரலை எடுத்தது, அவரே போன் பண்ணியது எல்லாம்.

அண்ணன் திறந்திருந்த பக்கங்களை ஒவ்வொன்றாக மூடினார்.

"ஏண்டி, உன் வேலையே மைக்கைத் திறன்னு சொல்றதுதானே" என்றார் கடைசியில். கத்தக்கூட இல்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

"உங்களுக்காகத்தாண்ணா பேசாம இருந்தேன்."

"அவரும் எனக்காகத்தான் பேசியிருக்காரு" என்று சொல்லிவிட்டு அவர் கம்ப்யூட்டரை மூடிவைத்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி என்னன்னு சொல்றது நான்?"

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்ன அண்ணியிடம் பசியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த கூட்டம் கையெழுத்துக்கான கூட்டம். பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். அவள் கேமராவைத் திறந்துவைத்தாள், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக. லென்ஸ் தேய்க்கிறவரிடம் கால்மணி நேரம் இயந்திரத்தை நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தாள். பின்னறை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

"வழக்கமான கேள்வி" என்று ஆரம்பித்தார் தலைவி. "முதல்ல சொன்ன சொந்த விஷயங்கள்ல யாருக்காவது மாற்றம் உண்டா?"

"எனக்கு இருக்கு" என்றாள் அவள். தைரியம் போய்விடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று சொன்னாள். "போன கூட்டத்துல கம்பெனிகள் சார்பா வர்ற ஐயா ஆட்சேபம் சொன்னாரு. மைக் மூடியிருந்துச்சு. நான் பாத்தேன். முதல் முறை கேட்டப்பவே பாத்தேன். வேணும்னேதான் சொல்லாம விட்டேன். பேரு எங்க அண்ணனுக்குத் திரும்ப வரணும்னு ஆசை. அவரு எனக்கு எதிரா ஏதோ சொல்றாருன்னு நினைச்சேன். மூணு வருஷமா எல்லாரும் மைக் அம்மான்னு நம்பிக் கூப்பிட்டீங்க. அன்னைக்கு நான் பண்ணினது பித்தலாட்டம். நான்தான் சாட்சி. அந்த முடிவைத் திறக்கணும்." முடிந்தது. நெஞ்சில் இருந்த கல் இறங்கினாற்போல இருந்தது. இனி என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும்.

யாரும் திட்டவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை.

"மாற்றம் எதுவும் இல்ல" என்றார் தலைவி. "அப்போ கையெழுத்துக்குப் போகலாம்."

அவள் கண்ணைத் திறந்தாள். இருட்டுக் கட்டங்கள் அசையவில்லை. அவள் கட்டத்தைத் தவிர வெளிச்சமாக இருந்த ஒரே கட்டத்தில் ஆனால்காரர் முன்னால் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூச்சு விட்டார்.

"ஆனால்," என்றார், "அந்தம்மா ரொம்ப நேரமா என்னமோ பேசிட்டிருக்காங்க. கொஞ்சம் பொறுங்க. அம்மா, உங்க மைக் மூடியிருக்கு."

அவள் கீழே பார்த்தாள். சிவப்புக் கோடு.

முதல் தடவை சுலபமாக வந்தது கண்ணை மூடிக்கொண்டு சொன்னதால்தான் என்று இப்போது தெரிந்தது. இரண்டாவது தடவை அந்த மனுஷரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். அவர் காத்திருந்தார். காதைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம்கூட அவசரப்படாமல் காத்திருந்தார்.

அவள் பட்டனை அழுத்தினாள்.

"கேக்குதா ஐயா?" என்றாள்.

"இப்ப நல்லா கேக்குது. சொல்லுங்க."

முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.